தட்டிவிட்டு வரவும்

ஜூன் 3
ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து வந்து படுத்தேன். பதினொரு மணிக்கு ஏதோ சத்தம். எழுந்து பார்த்தால் சமையலறையில் வீட்டுக்காரர், அலமாரியைத் திறந்துகொண்டு. “யாரும் இல்லைன்னு நெனச்சேன்மா. குழாய் ஒழுகுதான்னு பாக்க வந்தேன்.”

குழாய் அலமாரிக்குள்ளா இருக்கிறது?

ஜூன் 4
கூட இருக்கும் தங்கையிடம் சொன்னேன். அவள் கேட்டாள், “அக்கா, போன மாசம் வீட்டுக்குள்ள கொடியில கிடந்த துணியையெல்லாம் மடிச்சு வச்சது நீதானே?”

நான் இல்லை. அவள் மடித்தாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

உடம்பெல்லாம் கூசுகிறது.

ஜூன் 6
வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். படிக்காமலே கையெழுத்துப் போட்ட புத்திசாலிகள் நாங்கள். எட்டாவது பிரிவு: தீ, தண்ணீர்க் கசிவு போன்ற அவசரம் தவிர, ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

ஜூன் 7
வீட்டுக்காரர் குடியிருக்கும் மாடிக்குப் போனேன்.

“என் வீட்டுக்குள்ள வர நான் யாரைக் கேக்கணும்?”

“என்னைக் கேக்கணும் சார்.”

“பிடிக்கலைன்னா காலி பண்ணு.”

“அதை எழுதிக் குடுங்க. எட்டாவது பிரிவைப் படிச்சிட்டு எழுதுங்க.”

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். படி இறங்கி வந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

ஜூன் 9
வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். இன்னொரு முறை சொல்லாமல் வந்தால் வாடகை நீதிமன்றம் என்று எழுதினேன். தபால் ஆபீசில் இருந்த அம்மா முகவரியைப் பார்த்தார். “கீழ் வீட்டிலேர்ந்து மேல் வீட்டுக்கா? நடந்து போய்க் குடுத்திடலாமே.”

“வாங்கினதுக்குக் கையெழுத்து வேணுங்க.”

முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்தார்.

ஜூன் 12
கடிதம் நேற்றே அவர் கைக்குப் போய்விட்டது. இன்று பத்து மணிக்குப் பூட்டில் அவருடைய மாற்றுச் சாவி திரும்பியது. வேண்டுமென்றேதான்! நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தேன், கையில் செல்போன். “சொல்லுங்க சார், பதிவாகுது.”

கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஜூன் 13
தூக்கம் வரவில்லை. வார்டில் இருபது பேரைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து என்னை நானே காவல் காக்க வேண்டுமா? தங்கை வேறு வீடு பார்க்கலாம் என்கிறாள். மாட்டேன். தப்பு செய்தவர் மேலே இருக்க, நாங்கள் எதற்கு ஓட வேண்டும்?

ஜூன் 16
அவர் மனைவி வந்தார். உட்காரவில்லை. மாற்றுச் சாவியை என் கையில் வைத்தார். “உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். நானும் ரெண்டு பொண்ணு பெத்தவ. அவருக்கு வேணும்னா உன்கிட்ட கேட்டு வாங்கிக்கட்டும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 2
வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. “நாளைக்குப் பதினொரு மணிக்கு பெயிண்டரைக் கூட்டிட்டு வரலாமா?”

“அப்ப தூங்குவேன் சார். நாலு மணிக்கு வாங்க.”

“சரிம்மா.”

ஜூலை 3
நாலு மணி. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் தட்டினார். நான் “வாங்க” என்று சொல்லும்வரை இருவரும் வெளியிலேயே நின்றார்கள்.