‘நலம்’ என்று ஒட்டிய குழாய்

பிப்ரவரி 3

ஆறு மாதத்துக்கொரு முறை கொடுக்கும் ரத்தத்தை இன்று கொடுத்தேன். எங்கள் ஆய்வகத்தில் நோயாளிகளோடு ஒப்பிட நோயில்லாத ரத்தம் ஒன்று வேண்டும். நான்கு வருடமாக அது என்னுடையதுதான். குழாயில் ‘நலம்’ என்று சீட்டு ஒட்டிவிடுவோம். யாரும் சோதித்ததில்லை. எதிர் மேஜைத் தோழி ஊசியைக் குத்திக்கொண்டே, “கல்லு மாதிரி இருக்கே, உனக்கென்ன கேடு?” என்றாள்.

பிப்ரவரி 11

கணினி பழுது. அது கணக்கிட்டுத் தரும் எண்ணுக்குக் காத்திராமல், ரத்தத்தை ஓட்டி எடுத்த படத்தையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

நாங்கள் துரத்துவது ஒரே ஒரு புரதத்தை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கல்லீரலில் வருடக்கணக்காகக் குடியிருந்து புற்று கிளம்பினால், அந்தப் புரதத்தின் மேல் ஒரு சர்க்கரைத் துணுக்கு கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். ஆள் அதே ஆள்தான், சட்டை வேறு. படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும்.

இன்று ‘நலம்’ வரிசையிலும் ஒரு கோடு. பக்கத்துக் குழாயிலிருந்து சிந்தியிருக்கும். வேறென்ன?

பிப்ரவரி 12

புதுக் கரைசல். என் ரத்தத்தை மட்டும் தனியாக ஓட்டினேன். கோடு இருக்கிறது.

பிப்ரவரி 16

உறைபெட்டியில் என் பழைய குழாய்கள் எட்டும் இருந்தன. எல்லாவற்றையும் ஓட்டினேன். முதல் ஐந்தில் ஒன்றுமில்லை. ஆறாவதில் பென்சில் கோட்டை அழித்த தடம் போல ஏதோ. ஏழில் கோடு. எட்டில் இன்னும் கறுப்பு. எட்டும் நான்தான். சிரித்துப் பேசிக்கொண்டே கொடுத்த ரத்தம்.

‘நலம்’ வரிசையில் என்ன வந்தாலும் அதை வெறும் அழுக்கென்று எடுத்துக்கொண்டு, கணினி எல்லோருடைய எண்ணிலிருந்தும் கழித்துவிடும். வழக்கம் அது. ஐயோ, என் நோயையேதானே கழிச்சுத் தள்ளிக்கிட்டு இருந்திருக்கேன்! ஒன்றரை வருஷமா!

பிப்ரவரி 17

அக்காவுக்குப் போன் செய்து அம்மா எதனால் செத்தாள் என்று கேட்டேன்.

“காமாலைன்னாங்க. வயிறு வீங்கிப்போச்சு. இப்ப எதுக்குடி அதெல்லாம்?”

பிரசவத்திலேயே தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் வைரஸ் இது. நோயாளிகளின் படிவத்தில் ‘தாய்க்குக் கல்லீரல் நோய் உண்டா’ என்ற கேள்வியைச் சேர்த்ததே நான். என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை.

“நீயும் டெஸ்ட் எடுக்கா.”

“போடி, எனக்கு ஒண்ணுமில்ல.”

“எனக்கும் ஒண்ணுமில்லாமத்தான் இருந்துச்சு.”

பிப்ரவரி 20

வைரஸ் இருக்கிறது. பயமாக இருக்கிறது. சாகப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 26

ஸ்கேனில் கட்டி. இரண்டு சென்டிமீட்டர். “வலி வந்தப்புறம் வந்திருந்தா கையை விரிச்சிருப்போம். எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?” என்றார் டாக்டர். என் குழாயில் பார்த்தேன் என்றேன். பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார்.

மார்ச் 9

நாளை வெட்டி எடுக்கிறார்கள்.

ஜூன் 14

வேலையில் சேர்ந்து ஒரு வாரம். என் ரத்தம் இப்போது நோயாளிகள் அடுக்கில், எண் 58. கோடு இல்லை. மூன்று முறை பார்த்தேன். அக்காவுக்கும் வைரஸ் இருக்கிறது, கட்டி இல்லை. என்னைத் திட்டிக்கொண்டே மாத்திரை சாப்பிடுகிறாள்.

மதியம் ஆய்வகத் தலைவர் வந்தார். “நலமான ரத்தம் வேணும். இனிமே முதல்ல வைரஸ் டெஸ்ட், அப்புறம்தான் எடுப்போம். யாரு குடுக்கறீங்க?”

நான் போக நான்கு பேர் இருந்தார்கள். தோழி சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். மற்றவர்கள் மும்முரமாக எதையோ தேடினார்கள். தலைவர் ஊசி குத்தும் தன் முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டார்.

“சரி, நாளைக்குப் பாக்கலாம்,” என்றார்.