எரிந்து அணைய வேண்டிய லைட்

தம்பி,

இன்று காலையில் முற்றத்தில் எண்ணெய் கருகுகிற வாசம். அடுப்பு எண்ணெய் இல்லை, இன்ஜின் எண்ணெய். குசினியில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. வெளியே வந்து பார்த்தால் என் பேரன் காரின் பானெட்டைத் திறந்துவைத்துத் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் சாய்த்துவைத்த செல்போனில் எவனோ பேசிக்கொண்டிருக்கிறான். இவன் கையை இன்ஜின் சந்துக்குள் விடுகிறான், எடுக்கிறான், விரலை ஊதிக்கொள்கிறான்.

“என்னலே?” என்றேன்.

“சிவப்பு லைட் எரியுது ஆச்சி. ஆயில் சென்சார் போயிட்டு. நம்ம ஊரு உப்புக் காத்துக்கு எதுதான் நிக்கும்?”

உப்புக் காத்து. அதே வார்த்தை. எனக்குப் படிப்பு ரெண்டாம் கிளாசோடு நின்றுபோச்சு. ஆனால் மறதியை மட்டும் ஆண்டவர் எனக்குக் கொடுக்கவே இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளில் நம்ம முற்றத்தில் நின்ற கறுப்பு பிளசரை நினைத்துப் பார். அப்போதெல்லாம் காருக்குப் பிளசர் என்றுதானே பேர்! அது பழையது, கதவு சாத்தினால் ஜன்னல் இறங்கும். அதை எப்படி வாங்கினோம் என்பதை எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். எதற்கு வாங்கினோம் என்பதும் தெரியும். சங்கு குளிக்கப் போன அப்பாவைக் கயிற்றோடு தூக்கிக்கொண்டுவந்து போட்ட அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள்: “இனி இந்த வீட்டு ஆம்பளை கடல்ல காலு நனைக்கப்படாது.” நீ கேட்டாயா? மீசை முளைக்கும் முன்னே தோணியில் ஏறினாய். சரக்குத் தோணியில் கொழும்பு நடை போய் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது, உன்னைக் கரையில் கட்டிப்போட நான் கண்டுபிடித்த கயிறுதான் அந்த பிளசர். வண்டி ஓடும்வரைக்கும் நீ தரையில் இருப்பாய். அவ்வளவுதான் என் கணக்கு.

நன்றாகத்தான் ஓட்டினாய். துறைமுகத்திலிருந்து ரயிலடிக்கு, திருச்செந்தூருக்கு, மணப்பாட்டுத் திருவிழாவுக்கு. அம்மா ஜன்னலடியில் நின்று வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே செபமாலை உருட்டுவாள். அதற்கப்புறம்தான் எண்ணெய் ஓட்டம் குறைந்தால் வருகிற அந்தச் சிவப்பு லைட்டு எரிய ஆரம்பித்தது. முதலில் மினுக்கு மினுக்கு என்று. பிறகு வண்டி சூடானால் நின்று எரிந்தது.

உன் சிநேகிதன், வொர்க்‌ஷாப் நெட்டையன், வந்து பார்த்தான். பானெட்டைத் தூக்கிக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பீடியைக் கடித்துக்கொண்டு, “ஆயில் சுவிட்சு செத்துட்டுலே. உப்புக் காத்து. புதுசு ஒண்ணு மாட்டிரு” என்றான். நம்ம ஊரில் அதுதானே வழக்கம். ஜன்னல் கம்பி இற்றுப்போனாலும் உப்பு, ரேடியோ இரைந்தாலும் உப்பு, கெடிகாரம் நின்றாலும் உப்பு. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். உப்பு என்று சொன்ன பிறகு இந்த ஊரில் யார் மேற்கொண்டு கேட்பார்கள்?

புது சுவிட்சை வாங்கிவந்தாய். கட்டைவிரல் பருமனில் பித்தளைச் சாமான். அது இருந்த இடம்தான் சனியன். இன்ஜினுக்குப் பின்னால், புகைக்குழாய்க்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத சந்து. உன் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. காலையில் ஆரம்பித்து, வெயில் தலைக்கு ஏறும்வரை நடுநடுவே கிளப்பிப் பார்த்து வண்டியைத் திட்டினாய், நெட்டையனைத் திட்டினாய், பிறகு குசினி வாசலில் வந்து நின்றாய்.

“அக்கா, ஒன் கையக் கொஞ்சம் கடன் குடு.”

“போலே, மீன் கழுவுத கையி. ஒன் பிளசரு நாறிப் போவும்.”

“ஏற்கெனவே நாறித்தான் கெடக்கு. வாளா!”

அக்காளைப் போய் வாடி என்கிற மாதிரி வாளா என்கிற வாய்! ஆனாலும் வந்தேன். மீன் வயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்க்காமலே குடலை எடுக்கிற கை இது. கண் போகாத இடத்துக்கு இது போகும். பழைய சுவிட்சின் தலையிலிருந்த கம்பியைக் கழற்றினேன். ஸ்பானரைச் சந்துக்குள் நுழைத்துக் கால் சுற்று திருப்புவேன், எடுப்பேன், மறுபடி நுழைப்பேன். “ஆறட்டும்லே, இன்ஜின் கொதிக்கி” என்று சொன்னேன். உனக்குப் பொறுமை ஏது? புகைக்குழாய் என் மணிக்கட்டைச் சுட்டது. நான் கத்தினேன். நீ பயந்துபோய் ஊதினாய், ஊதிக்கொண்டே சிரித்தாய். “மோதரம், வளையலு போடுத கையில இது ஒரு புது நகை அக்கா” என்றாய். அடிக்கக் கை ஓங்கினேன். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். உன் கன்னத்தில் அஞ்சு விரலும் பதிந்து, அம்மாகூட அன்றைக்குச் சிரித்தாள்.

புதியதை நான்தான் மாட்டினேன். நூல் சுற்றி, கோணாமல் பொருத்தி, கம்பியையும் சொருகினேன். சரியாகத்தான் மாட்டினேன், தம்பி. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன்.

நீ வண்டியைக் கிளப்பினாய். சூடானதும் சிவப்பு லைட்டு முன்னைப்போலவே எரிந்தது. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். கதவுக்குப் பின்னால் யாரோ தட்டுகிற மாதிரி. “ஏலே, இது சுவிட்சு இல்லல. வண்டி என்னமோ சொல்லுது” என்றேன். உன் முகம் செத்துப்போச்சு. பானெட்டைச் சாத்தினாய்.

மறுநாள் விடிந்ததும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். சாவியைத் திருப்பினாய். வண்டி உறுமியது. “பாத்தியா அக்கா, அணைஞ்சிட்டு! ஒங் கை ராசி!” பார்த்தேன். சிவப்பு இல்லை. அன்றைக்கு உனக்கு நெய்மீன் குழம்பு வைத்தேன். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நீ ரெண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கித் தின்றாய். அந்தச் சோற்றை இன்னும் நான் மறக்கவில்லை. பொய்யைச் சொல்லிவிட்டு எப்படிலே அவ்வளவு ருசியாகத் தின்றாய்?

திருச்செந்தூருக்குச் சவாரி ஏற்றிக்கொண்டு போன அன்று, ஆறுமுகநேரி உப்பளத்துப் பக்கம் இன்ஜின் அப்படியே இறுகிப்போய் நின்றுவிட்டது. ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், நடுவில் புகைந்துகொண்டு நம்ம பிளசர். சாமி கும்பிடக் கிளம்பியவர்கள் உன்னை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு இறங்கிப்போனார்கள். நீ லாரியில் கயிறு கட்டி வண்டியை இழுத்து வந்தாய். நெட்டையன் இந்தத் தடவை குனிந்து பார்த்தான். உள்ளே எல்லாம் தேய்ந்து, எண்ணெய்க்கு ஓடத் திராணியில்லாமல், இரும்பும் இரும்பும் கடித்துக்கொண்டன என்றான். “அப்போ லைட்டு எரிஞ்சிருக்கணுமே?” என்று அவனே கேட்டான்.

நீ தலையைக் குனிந்தாய். நான் யாரிடமும் கேட்கவில்லை. கையை அந்தச் சந்துக்குள் விட்டேன். சுவிட்சு நான் மாட்டினபடியே இருந்தது. அதன் தலையில் கம்பி இல்லை. கொஞ்சம் தள்ளித் தொங்கியது, நுனியில் துணி சுற்றி. என் பழைய சேலைக் கிழிசல் என்று விரலுக்கே தெரிந்துவிட்டது. சந்துக்குள் கை போகாதவன் எந்த வழியாக எட்டினாயோ, கம்பியை உருவி, அது எங்கேயும் பட்டுவிடாதபடிக்குக் கட்டியும் வைத்திருந்தாய்.

“எதுக்குலே?”

“லைட்டு எரிஞ்சா சவாரி ஏற மாட்டேங்கானுவ அக்கா” என்றாய். பிறகு மெதுவாக, “நீயும் பயந்துட்டே இருந்த” என்றாய்.

பயந்தேன்தான். அதற்காக லைட்டை அவித்துவைப்பாயா?

பிளசர் முற்றத்திலேயே நின்றது. பின்சீட்டில் கோழி முட்டையிட்டது. நீ கடற்கரைப் பக்கம் போய்வர ஆரம்பித்தாய். ஒரு நாள் நான் மீன் அரிந்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, “ஒரே நடை அக்கா. வெங்காயம் ஏத்திட்டுக் கொழும்பு போயிட்டு வந்திருதேன். வந்து இன்ஜின் வேல பாத்திருவோம்” என்றாய். நான் முகம் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. நீ வந்து கேட்டிருந்தால் போயிருக்கும். நீ வரவில்லை. அந்தத் தோணியில் ஏறின ஒருத்தரும் வரவில்லை. சவப்பெட்டியே இல்லாமல் உனக்குப் பூசை வைத்தோம். அம்மா அதற்கப்புறம் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

நெட்டையனை நான் விடவில்லை. என் மகள் கலியாணத்துக்கு வந்தான். பந்தியில் எல்லார் இலைக்கும் உப்பு வைத்தேன், அவன் இலைக்கு மட்டும் வைக்கவில்லை. கேட்டான். “காத்துலதான் இருக்கே அண்ணாச்சி, நாக்க நீட்டும், ஒட்டிக்கிடும்” என்றேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். போகட்டும். இப்போது அவனும் கல்லறையில் இருக்கிறான். எனக்கு அதுவும் ஆறுதலாக இல்லை.

இன்றைக்குப் பேரனிடம் சொன்னேன்: “உப்புன்னு சொல்லாதல. இன்ஜினப் பாரு. லைட்டு பொய் சொல்லாது.” அவன் சிரித்தான். அவன் கையும் போகவில்லை. “தள்ளுல” என்று என் கையை விட்டேன். விரலெல்லாம் முடிச்சு விழுந்த கை, பாதியிலேயே நின்றுவிட்டது. சூட்டுத் தழும்பு மட்டும் இரும்பில் உரசியது. கடைசியில் அவன் பெண்டாட்டி வந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். வண்டியைக் கிளப்பி வெகுநேரம் ஓடவிட்டார்கள். சூடாகியும் லைட்டு வரவில்லை. டக் டக் என்ற சத்தமும் இல்லை. நிசமாகவே சென்சார்தான் கெட்டிருந்தது. நிசமாகவே உப்புதான். எல்லாரும் கைதட்டினார்கள்.

அவனுக்கு உப்பு. நமக்கு மட்டும் ஏன்லே தம்பி, லைட்டு சொன்னது நிசமாப் போச்சு?

“நிறுத்துல” என்றேன். “மறுபடி சாவியத் திருப்பு. மெதுவா.” ஏன் என்று கேட்டான். “திருப்புல” என்று மட்டும் சொன்னேன். சாவியைப் பாதி திருப்பினால் முதலில் சிவப்பு எரிய வேண்டும். வண்டி கிளம்பின பிறகுதான் அணைய வேண்டும். கம்பியை உருவிவிட்டால் முதலிலும் எரியாது. அன்றைக்கு நீ என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினபோது நான் அணைந்திருப்பதைத்தான் பார்த்தேன். எரிந்ததா என்று பார்க்க எனக்குத் தெரியாது.

இப்போது தெரியும். இந்த வீட்டில் யார் வண்டி எடுத்தாலும், அது வாடகைக் காராக இருந்தாலும், நான் டிரைவர் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்து நிற்பேன். எரிகிறதைப் பார்ப்பேன், அணைகிறதைப் பார்ப்பேன், அதற்கப்புறம்தான் தள்ளி நிற்பேன். ஆச்சி வண்டிக்கு செபம் சொல்லுகிறாள் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.