இடது கண்ணின் பரீட்சை

7-11-83, திங்கள்

காலையில் தூறல். சிறுநீரில் சர்க்கரைச் சோதனை: பச்சை. நிறத்தில் என் இரு கண்ணும் ஒத்துப்போவதில்லை; பார்த்துச் சொன்னது மனைவி பொன்னம்மாள். சோதனைக் குழாயைக் காய்ச்சுவது மட்டும் என் வேலை. முப்பது வருஷம் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தியவனுக்கு இப்போது பச்சைக்கும் மஞ்சளுக்கும் சாட்சி வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலி, கண் டாக்டர். ஐந்து மாதமாக இடது கண் நரம்பில் வீக்கம். சர்க்கரையால் வந்தது, பெரும்பாலும் தானாக வற்றும் என்று முன்பே சொல்லியிருந்தார். பார்வை குறைந்தால் மட்டும் உடனே கவனிக்க வேண்டுமாம். இன்று எழுத்து அட்டையில் வலது கண்ணால் ஏழு வரி படித்தேன், இடதால் ஆறு, போன தடவை போலவே. “குட், சார். மூணு மாசம் கழிச்சு வாங்க” என்றார்.

பொன்னம்மாளுக்கு மல்லிகைப் பூ வாங்கினேன். ஏனோ மனது சரியில்லை.

8-11, செவ்வாய்

தூக்கமில்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். பெரிய தேதி தெரிகிறது. கீழே உள்ளதெல்லாம் ஈரச் சிலேட்டில் எழுதியது போல.

எழுதிவிடுகிறேன். ஆறு வரி நான் பார்க்கவில்லை. வலது கண்ணால் முதலில் படித்தபோதே அட்டை மனப்பாடம். புது வகுப்பில் முதல் நாளே நாற்பது பெயரையும் ஒப்பிப்பேனே, அந்தப் புத்தி. இடதுக்கு நான்காம் வரியிலேயே எழுத்து தெரியவில்லை, வாய் நிற்கவில்லை. நிறுத்தியிருக்கலாம். “குறைந்துவிட்டது” என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

9-11, புதன்

மழை. வெந்தயம் வாங்க வேண்டும். பென்ஷன் ஆபீசுக்குக் கடிதம், எழுதவில்லை.

பொன்னம்மாளின் குங்குமம்: வலது கண்ணுக்குச் சிவப்பு, இடது கண்ணுக்குப் பழைய செங்கல்.

கொல்லைப் படி தெரியாமல் கால் இடறிற்று. கையிலிருந்த சோதனைக் குழாய் உடைந்தது. கண்ணாடித் துண்டுகளை அவள் பொறுக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். நிமிராமலே கேட்டாள்:

“பரீட்சைல பாத்து எழுதுன பிள்ளையள எத்தன பேர எழுப்பி வெளிய விட்டிருப்பீய. இப்பம் உங்கள யாரு எழுப்புதது?”

பிறகு: “நாளைக்கே போவோம். நானும் வாரேன்.”

10-11, வியாழன்

முதல் பஸ். டாக்டரிடம் பொன்னம்மாள்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மேஜைக்குள்ளிருந்து வேறு அட்டை எடுத்து மாட்டினார். இடது கண் முதலில்.

மூன்று வரி.

“இதத் திங்கக்கிழமையே சொல்லியிருந்தா அன்னைக்கே மதுரைக்கு அனுப்பியிருப்பேன், சார்.” வீக்கத்துக்கு வேறு காரணம் உண்டா என்று அங்கே பார்க்க வேண்டுமாம். கடிதம் கொடுத்தார். போன மூன்று வரி திரும்புமா என்று கேட்டேன். பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

நாளை மதுரை. எடுத்து வைக்க: கடிதம், மாத்திரை, வேட்டி இரண்டு.

திரும்பும்போது பனவடலிசத்திரத்தில் பஸ் நின்றது. பொன்னம்மாள் என் வலது கண்ணைக் கையால் பொத்தி, எதிர்க் கடை போர்டைப் படிக்கச் சொன்னாள். வழக்கமான வழி, யோசித்தால் என்ன கடை என்று சொல்லிவிடலாம். தெரியவில்லை என்றேன்.

அவளும் சொல்லிக் கொடுக்கவில்லை. பஸ் கிளம்பும் வரை கையை எடுக்கவுமில்லை.