அரை நிமிஷம் முந்தி

அம்மாவுக்கு உன் பெரியவன் எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உன் கால் வீக்கம் வடிஞ்சுதா? இதைப் போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதுறேன்.

அப்பா போனப்புறம் நேத்துதான் ஃபுட்பால் மேட்ச் பார்த்தேன். மாசாமாசம் காசு கட்டியும் இங்க போன் ஆப்புல படம் அரை நிமிஷம் பிந்தித்தான் வரும். வீட்டு டிவியில கோல் விழுந்ததும் அப்பா போன் போட்டுக் கத்துவார். என் போன்ல பந்து நடு மைதானத்துலயே கிடக்கும். "ஆட்டத்தைக் கெடுக்காதீங்கப்பா"ன்னு எத்தனை தடவை எரிஞ்சு விழுந்திருக்கேன். நேத்து யாரும் கெடுக்கல. கோல் விழுந்தப்ப ரூம்ல எல்லாரும் குதிச்சாங்க. நான் சட்டை துவைக்கப் போயிட்டேன்.

அப்பா நம்பரை ரத்து பண்ணிடாதே. சனிக்கிழமை அடுத்த மேட்ச், டிவியைப் போட்டு வை. ஆட்டம் உனக்குப் புரியணும்னு இல்ல. கூட்டம் எழுந்து கத்தினா, அவர் போன்லேருந்து ஒரு மிஸ்டு கால் கொடு.

கிடங்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டி வந்துடுச்சு, கிளம்புறேன். எதிர் டீம் கோல் போட்டாலும் கொடும்மா.