ஈயம் என்று கேட்டார்

ஜனவரி 8
பொங்கல் வருகிறதே என்று பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச தர்மராஜ் தெருவுக்கு வந்திருந்தார். கொண்டுவந்தது போதவில்லையாம். "பேட்டரிக் கடைதானேண்ணே, ஈயம் இருக்குமே" என்றார். பழைய பேட்டரித் தகடுகளைப் பீங்கான் தொழிற்பேட்டைச் சூளையில் உருக்கி வார்த்த கட்டி ஒன்று கிடந்தது. ஓசியிலேயே கொடுத்தேன். கூடவே ஒரு சொற்பொழிவு: நூற்றறுபது வருஷத்துக்கு முன் ஒரு பிரெஞ்சுக்காரர் இரண்டு ஈயத் தகடுகளை அமிலத்தில் முக்கினார், லித்தியம் வந்தும் லாரி இன்றும் அதில்தான் கிளம்புகிறது. அவர் எங்கே கேட்டார்! தன் ஈயத்தோடு கலந்து உருக்கிக்கொண்டே, "இது கூடுதலாச் சூடு கேக்குது" என்றார்.

ஜனவரி 19
ரசம் லேசாக இனிக்கிறது. வெல்லம் போடவில்லை என்கிறாள் மனைவி காசியம்மாள். மகள் கயல்விழி மூன்று தம்ளர் குடித்தாள்.

பிப்ரவரி 11
கயலுக்கு வயிற்றுவலி. பூச்சி மருந்து கொடுத்தோம்.

பிப்ரவரி 27
நன்றாகத் தெரிந்த ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பாதியில் மறக்கிறாளாம். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன்?

மார்ச் 14
டாக்டர் அவள் ஈறைப் பார்த்தார். பல் ஓரமாக நீலக்கோடு. வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். பேட்டரி என்றேன். ஆனால் பிள்ளை கடைப் பக்கமே வந்ததில்லை, நானும் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. ரத்தம் சோதனைக்குச் சென்னை போயிருக்கிறது.

மார்ச் 15
காலையில் காசியம்மாள் ரசத்துக்குப் புளி கரைத்து ஊற்றப் போனாள். பொங்கலுக்கு தர்மராஜ் ஈயம் பூசிய பாத்திரத்தின் உள்பக்கம் கறுத்துக் கிடந்தது.

அவர் கேட்டது வெள்ளீயம். நான் கொடுத்தது காரீயம், புளியில் கரைந்து இனிக்கிற விஷம். நம் வாய்க்கு இரண்டும் ஈயம்தான். இருபது வருஷத் தொழில், எனக்குத் தெரியாதா? தெரியும். அன்னைக்குத் தோணலையே — ஐயோ, தோணலையே.

மார்ச் 20
காரீயம்தான். ரத்தத்தில் இருப்பதை மருந்தால் இறக்கலாம், எலும்பில் சேர்ந்தது போக வருஷங்கள் ஆகும், மூளைக்குப் போனதைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். பேட்டரி இறங்கினால் இரண்டு தகடுகளும் வெள்ளையாகப் பூத்துப்போகும், சார்ஜ் ஏற்றினால் பழையபடி ஆகும். அதுதான் எனக்குத் தெரிந்த வேதியியல். பிள்ளைக்கு எதை ஏற்றுவேன்?

மீதிக் கட்டி எங்கே என்று தர்மராஜுக்குப் போன் போட்டேன். "ஒங்க தெருவுலயேதாண்ணே. பதினோரு வூடு."

மார்ச் 21
முதலில் எதிர்வீடு. இளமதிதான் கதவைத் திறந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். பொங்கலுக்கு ஈயம் பூசிய பாத்திரம் எது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையில் தம்ளர்.

"உக்காருங்கண்ணே. ரசம் மட்டுந்தான் இப்ப வயித்துல நிக்குது."