தவிர்க்கக்கூடிய எடை

மார்ச் 4
புதிய பிக்கப்பை எடை மேடையில் ஏற்றினோம். 2,160 கிலோ. பழைய மாடலைவிட 280 அதிகம். குரோம் பம்பர், அகன்ற சக்கரம், சுவர் மாதிரி ஒரு முகப்பு. மைலேஜ் லிட்டருக்கு 11.9. விளம்பரத்துக்கு 12 வேண்டுமாம். ஒரு புள்ளிக்காக ஆபீஸ் முழுக்க இழவு வீட்டு முகம்.

மார்ச் 5
எதைக் குறைக்கலாம் என்று மேனேஜர் கேட்டார். பட்டியல் போட்டேன் – பம்பர், சக்கரம், பக்கவாட்டுப் படி. தலைப்பு: தவிர்க்கக்கூடிய எடை.

மார்ச் 7
பட்டியல் திரும்பி வந்தது. எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு. "பம்பர்ல கை வெச்சா எவன் வாங்குவான்?" கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி: ஓட்டுநர் – 104 கிலோ.
என் தலைப்பின் கீழ் ஒரு மனிதர்.

மார்ச் 8
அந்த ஓட்டுநர் எல்லோருக்கும் டன்னு அண்ணன். பதினேழு வருடமாகச் சோதனை ஓட்டம் அவர்தான். பட்டியலைக் காட்டினேன். சிரித்தார்.
"வண்டி பெருத்தா கம்பீரமாம். நான் பெருத்தா கழிவாம்."
பிறகு, சிரிக்காமல்: "ஸ்டியரிங்க விட்டா என்னைக் குடோன்ல போட்டுடுவாங்க. அறிக்கை நீதான எழுதுவ? பாத்து எழுதும்மா."

மார்ச் 11
மூன்று நாளாக மதியம் அவர் சாப்பிடுவதில்லை. வெறும் வெந்நீர். இன்று எடை மேடையில் தனியாக ஏறி நின்றார். லாரிக்கான மேடை அது. இருபது கிலோவுக்குக் குறைந்த மாற்றம் தெரியவே தெரியாது. நான் சொல்லவில்லை. சீ.

மார்ச் 13
அறிக்கை கொடுத்தேன். "ஓட்டுநர் ஐம்பது கிலோ குறைந்தாலும் வித்தியாசம் அற்பம்: லிட்டருக்கு 0.1 கி.மீ. மட்டுமே." அற்பத்துக்கு அடிக்கோடு வேறு. அவரைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு.
மேனேஜர் துள்ளிக் குதிக்காத குறை. "அந்த ஒரு புள்ளிதாம்மா எனக்கு வேணும்!"
பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எவ்வளவு இருப்ப? ஐம்பது தேறுமா? லைசென்ஸ் இருக்குல்ல?"
என்னைப் போய்... கறிக்கடையா இது?

மார்ச் 14
முடியாதுன்னு சொல்லணும். ஒரு வார்த்தைதானே. ஏன் வரல?

மார்ச் 18
அண்ணன்தான் எனக்காக இருக்கையை முன்னால் தள்ளிக் கொடுத்தார். கண்ணாடியைத் திருப்பி வைத்தார். "கால அழுத்திடாத. பூ மாதிரி வை." கதவைச் சாத்திவிட்டுக் குடோன் பக்கம் நடந்தார்.
அவர் சொன்னபடியே ஓட்டினேன்.
பன்னிரண்டு வந்தது.