சந்திரகாந்தக் கல்லும் என் வலது கையும்

மார்ச் 4

இன்றும் கல் தெறித்துவிட்டது. சாமணத்தின் நுனியில் நீலக்கல்லைப் பிடித்து நுண்ணோக்கிக்கு அடியில் கொண்டுபோகிறேன், யாரோ விரலைச் சுண்டிவிட்டது போல — போய்விட்டது.

எங்கள் ரத்தினக்கல் சோதனைக்கூடத்தில் கல் விழுந்தால் யாரும் காலைத் தூக்கக்கூடாது. இருந்த இடத்திலேயே சிலையாக நிற்க வேண்டும். செருப்புக்கடியில், கால்சட்டை மடிப்பில், எங்கே வேண்டுமானாலும் போய் அது உட்கார்ந்துகொள்ளும். எல்லோரும் எனக்காக அசையாமல் நிற்க, நான் மட்டும் முட்டி போட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தேன். நிலவியலில் தங்கப்பதக்கம் வாங்கியவன்.

கல் 'சிரிப்பு'வின் கால்சட்டை மடிப்பில் இருந்தது. நான் உட்கார வேண்டிய தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன். முதலாளி சொல்லும் எல்லா ஜோக்குக்கும் முதல் ஆளாகச் சிரித்தே மேலே போனவன்; அதனால் எனக்கு அவன் பெயர் சிரிப்புதான்.

"பாருங்க சார், கல்லுகூட உங்கள விட்டுட்டு எங்கிட்ட வருது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சாமணத்தின் நுனி தேய்ந்துவிட்டது என்று சொன்னேன். போன வாரம்தான் புதிதாக வந்த சாமணம்.

மார்ச் 6

கண்ணாடி எது, கல் எது என்று பார்க்க இந்தத் தொழிலின் பழைய ஆட்கள் உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். கண்ணாடி சட்டென்று உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். கல் வராது. சில்லென்றே இருக்கும். கருவிகள் எல்லாம் வந்த பிறகும் நான் இதை விடவில்லை. நல்ல கல் ஒன்று கைக்கு வந்தால், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கணம் உதட்டில் வைத்துக்கொள்வேன். மண்ணுக்கடியில் யாருக்கும் பல்லிளிக்காமல் கிடந்த குளிர்ச்சி அது. எனக்குக் கிடைத்த நிம்மதி பெரும்பாலும் அவ்வளவுதான்.

மனைவியிடம் ஒருமுறை இதைச் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக்கூடாது. இன்று சாப்பாட்டில் கல் கடிபட்டு நான் முகம் சுளித்ததும், "அதையும் உதட்டுல வெச்சுப் பாத்துட்டுத் துப்புங்க, நல்ல கல்லா இருக்கப்போவுது" என்றாள்.

மார்ச் 15

தம்பி வந்தான், கடைக்கு வாங்கிய கற்களைச் சோதித்துக்கொண்டு போக. பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்டவன் இன்று வைத்தியம் பார்க்கிறான். அவன் கடை அலமாரியில் ஒவ்வொரு கல்லுக்குக் கீழும் ஒரு சீட்டு: செவ்வந்திக்கல் தூக்கத்துக்கு, பவளம் ரத்தத்துக்கு, புலிக்கண் மூட்டுவலிக்கு. கடையில் நிற்க இடமிருக்காது. என்னிடம் இத்தனை வருடத்தில் ஒருவராவது "இது எப்படி சார் உருவாச்சு?" என்று கேட்டதுண்டா?

"இந்தச் செவ்வந்திக்கல்லு, புலிக்கண்ணெல்லாம் வெறும் மணல்ல இருக்கற சத்துதான்டா" என்று முன்பு ஒருமுறை அவனிடம் சொன்னேன். "சத்துன்னு நீங்களே சொல்லிட்டீங்கல்லண்ணே" என்றான். இவனோடு எப்படி வாதாடுவது?

இன்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று பேச்சை நிறுத்தினான்.

"அண்ணே, கை ஏன் ஆடுது?"

"ஒண்ணும் ஆடல."

"மேசைமேல சும்மாதானே வெச்சிருக்கீங்க. கட்டைவெரலப் பாருங்க."

பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, இல்லாத ஒரு கல்லை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் சொல்லாமலேயே.

வேறு யார் கண்ணிலும் படாதது இவன் கண்ணில்தானா படவேண்டும்? அப்பாவும் கடைசியில் இவன் கையைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

மார்ச் 22

நரம்பு மருத்துவர். என் மகள் வயதுகூட இருக்காது. ஒரு தாளில் நத்தைக்கூடு மாதிரி சுற்றிச் சுற்றி ஒரு கோடு போடச் சொன்னாள். போட்டேன். ஓரமெல்லாம் ரம்பப் பல். நடக்கச் சொன்னாள். நடக்கும்போது வலது கை வீசாமல் தொங்குகிறதாம். எத்தனை நாளாக என்று கேட்டாள். என் கை வீசுகிறதா இல்லையா என்று நான் எப்போது பார்த்தேன்?

"நடுக்குவாதம்தான் சார். மாத்திரை ஆரம்பிக்கலாம். நல்லாவே கேட்கும்."

"எப்ப குணமாகும்?"

"குணமாகறதுன்னு இல்ல சார். கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். மெதுவாதான் போகும்."

எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 23

மனைவியிடம் வைட்டமின் குறைவு என்றேன். மாத்திரை டப்பாவைப் படித்துவிட்டாள்.

மார்ச் 27

என்னைக் கேட்காமல் மனைவி என் தம்பிக்குப் போன் போட்டிருக்கிறாள். வீட்டுக்கே வந்துவிட்டான், பஞ்சில் சுற்றிய ஒரு கல்லோடு. புறா முட்டையில் பாதி இருக்கும். சந்திரகாந்தம். பால் வெள்ளை, அதற்குள் நீலமாக ஓர் ஒளி. சாய்த்தால் அந்த ஒளி ஓரத்துக்கு ஓடும், நிமிர்த்தினால் நடுவுக்கு வரும்.

"நரம்புக்குண்ணே."

"உன் சீட்டுல அப்படி எழுதியிருக்கா?"

"கிண்டல் பண்ணுங்க, பரவால்ல. நம்பவும் வேணாம். சும்மா கையில வெச்சிருங்க. ஆடற கைக்கு ஒரு வேலையாச்சும் இருக்கட்டும்."

"வாங்கிக்கங்க" என்றாள் மனைவி. கண்கள் கலங்கியிருந்தன. வாங்கிக்கொண்டேன் — அவன் கிளம்பினால் போதும் என்றுதான்.

அவன் போன பிறகு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். என் கையின் நடுக்கத்தில் அந்த நீல ஒளி தொட்டியில் அடைத்த மீன் மாதிரி இப்படியும் அப்படியும் ஓடியது.

ஏப்ரல் 9

ஒளி நிற்கிறது. இன்று காலை ஜன்னல் பக்கம் கையை நீட்டிப் பார்த்தேன், கல்லின் நடுவில் நகராமல் நின்றது. வெகு நேரம்.

மாத்திரைதான் காரணம். தெரியும். எனக்குத் தெரியாதா?

ஆனால் கல்லை மூடிப் பிடிக்கும்போது விரல்களுக்கு ஓர் அடக்கம் வருகிறதே, அது என்ன? மாத்திரையால் குமட்டல் வருகிறது, பகலிலேயே கண்ணைச் சுழற்றுகிறது. கல்லால் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒன்று எழுதியாக வேண்டும். உண்மையான சந்திரகாந்தத்துக்குள் பூரான் ஊர்ந்த மாதிரி மெல்லிய கீறல்கள் இருக்கும். சந்தையில் பாதி வெறும் பால்கண்ணாடி. அதில் குமிழிதான் தெரியும். என் மேசையிலேயே நுண்ணோக்கி இருக்கிறது, கல் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நாள் முழுக்க ஊரார் கல்லையெல்லாம் பார்க்கிறேன். இதைப் பார்க்கவில்லை. உதட்டிலும் வைக்கவில்லை.

ஏப்ரல் 20

இரண்டில் எது கேட்கிறது? இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு இருந்தால் எப்படித் தெரியும்? ஒன்றை விலக்கிப் பார்ப்பதுதான் சோதனை. இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் எனக்குப் பதக்கம் தந்தார்கள். இன்றிலிருந்து மாத்திரை இல்லை. கல் மட்டும்.

ஏப்ரல் 24

ஆடவில்லை! குமட்டலும் போய்விட்டது. தம்பியிடம் மட்டும் சொல்லக்கூடாது, தாங்கமாட்டான்.

ஏப்ரல் 30

சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. குளிர் என்று நினைத்தேன். குளிரெல்லாம் ஒன்றுமில்லை. ஒருவேளை கல்லைச் சரியாகப் பிடிக்கவில்லையோ?

இந்தக் கேள்வியை நானா எழுதினேன்!

மே 3

ஒரு வாடிக்கையாளரின் மரகதம். மரகதம் எவ்வளவு நொறுங்கும் தன்மையுள்ளது என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பவன் நான். சாமணத்திலிருந்து நழுவி விழுந்தது. "கால எடுக்காதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் நின்றார்கள். நான் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. தானாக ஓர் எட்டு வைத்துவிட்டது. செருப்புக்கடியில் சத்தம் கேட்டது. சின்ன சத்தம்தான்.

எல்லோரும் சிலையாகவே நின்றுகொண்டிருந்தார்கள். என் காலைத் தூக்க எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் 'சிரிப்பு'தான் வந்து, குனிந்து, என் கணுக்காலைப் பிடித்து மெதுவாகத் தூக்கினான். "பரவால்ல சார், உக்காருங்க" என்றான். முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு ஜோக் அடித்திருந்தால் என்ன?

மே 4

அலமாரியில் துணிகளுக்கடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகளை மனைவி கண்டெடுத்துவிட்டாள்.

"கல்லே போதும்னு யாருங்க சொன்னா? உங்க தம்பி சொன்னாரா? அவரே பிரஷருக்கு விடாம மாத்திரை போடறாரு! இவ்வளவு படிச்சு என்னத்தக் கிழிச்சீங்க?"

அதற்குள் தம்பியும் வந்துவிட்டான். அழுதுகொண்டே நின்றான், மடையன். "கல்லுன்னா கூட ஒரு தொணைக்குத்தாண்ணே. மாத்திரைய யாராச்சும் நிறுத்துவாங்களா? எங்கிட்ட வர்றவங்க ஒருத்தர்கூட இப்படிப் பண்ணதில்லயே."

ஒருவர்கூட இல்லையாம். எந்தப் படிப்பும் இல்லாத கூட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

எது வேலை செய்கிறது என்று பார்க்கத்தானே செய்தேன். அப்படியானால் கல்லை நிறுத்திப் பார்த்திருக்கலாமே. அது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

மே 19

கல் பார்க்கும் என் லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை, வரவேற்பு மேசையில் உட்காரச் சொன்னார்கள். சாமணத்தை அங்கேயே வைத்துவிட்டு நானாகவே நின்றுவிட்டேன்.

ஜூன் 11

எதுவும் எழுதத் தோன்றவில்லை. எழுத்தும் எறும்பு போலச் சிறுத்துக்கொண்டே போகிறது. அதுவும் நோய்தானாம்.

ஆகஸ்ட் 2

தம்பி கடைக்கு நான் போக ஆரம்பித்து ஒரு மாதம் ஆகப்போகிறது. "வீட்ல மொறச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு இங்க வந்து மொறைங்க" என்று கூட்டிக்கொண்டு போனான். கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. யாராவது கேட்டால் கல் எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். வேடிக்கை என்னவென்றால், இங்கே கேட்கிறார்கள்.

இன்று ஓர் அம்மா வந்தார். பையைத் திறக்கும்போதே தெரிந்துவிட்டது — அதே கட்டைவிரல், அதே ஆள்காட்டி விரல், அதே இல்லாத கல். தம்பி சந்திரகாந்தத்தை எடுத்து வைத்தான்.

"இது கேக்குமாப்பா?"

"எங்க அண்ணன் கையப் பாருங்கம்மா. எப்படி ஆடிட்டு இருந்த கை தெரியுமா?"

அந்த அம்மா என் கையைப் பார்த்தார். மாத்திரை போட்டு அதிக நேரமாகவில்லை. மேசைமேல் அடங்கிக் கிடந்தது. இப்போதே சொல்லிவிட வேண்டும், இது கல் இல்லை, பொய், போய்விடுங்கள் என்று. வாயைத் திறந்தேன். அவர் கண்கள் இன்னும் என் கைமேலேயே இருந்தன, விடமாட்டேன் என்பதுபோல.

"மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்கம்மா" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அந்த அம்மா கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ஏமாத்தறவங்களா இருந்தா இப்படிச் சொல்லமாட்டாங்க" என்று தம்பியிடம் சொன்னார். "ரெண்டா குடுப்பா. என் தங்கச்சிக்கும் ஒண்ணு."

சாயங்காலம் மருந்தின் வேகம் குறைந்து விரல்கள் உருட்ட ஆரம்பித்தன. கையை மேசைக்கடியில் இறக்கி, பையிலிருந்த கல்லை எடுத்து மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. இதை எழுதும்போதும் வலது கைக்குள் கல், இடது கையில்தான் பேனா. லென்ஸ் எதிரிலேயே இருக்கிறது. எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. உதட்டில் வைத்தால் அதுவும் வேண்டாம்.

கல் சூடாகத்தான் இருக்கிறது. நாளெல்லாம் கைக்குள் இருந்தால் எந்தக் கல்லும் அப்படித்தான் இருக்கும்.